செய்தியும் சாட்சியமும்

ஒரு தரகன் சொல்லும் விலையை மட்டும் கேட்டுத் தன் வெங்காயத்தை விற்கும் கமக்காரன் எங்கேனும் உண்டோ? ஆனால், செய்தி என்று வந்துவிட்டாலோ, எம்மிற் பலர் தமக்கு விருப்பமான பத்திரிகை ஒன்றை வாசித்ததும் தீர்ப்பளித்து விடுகின்றனர். இஃது ஆபத்தான பழக்கமாகும்.

எத்துணை ஆபத்தானது என்பதற்கு வன்னியே சான்று. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போர்ப் பிரதேசத்தில் அகப்பட்டிருந்த மக்கள் எத்தனை பேர்? ஏறத்தாழ 70,000 என்றது அரசாங்கம். 2,50,000 என்றது ஐக்கிய நாடுகள் நிறுவனம். களத்திலே கடமையாற்றிய அரசாங்க உத்தியோகத்தர்களோ 3,00,000க்கும் அதிகம் என்றனர். மே மாதத்தில் போர் முடிந்தபோது முகாம்களில் இருந்தோர் தொகையே 2,80,000ஐத் தாண்டியது. 70,000 பேருக்கென அளந்த அரிசியும் மருந்தும் ஏனையோரை எவ்வாறு காப்பாற்றும்? பிழையான எண் இங்கே அச்சுப்பிழையன்று. பசித்த வயிற்றின் பங்கைப் பறிக்கும் செயலாகும்.

மறுபக்கத்தை மறைத்தலும் நேர்மையாகாது. மக்கள் விரும்பியே தங்கியுள்ளனர் என்றனர் விடுதலைப் புலிகள். தப்பிச் செல்ல முயன்றோரை அவர்கள் சுட்டனர் என்ற நம்பத்தகுந்த குற்றச்சாட்டை 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு பதிவு செய்தது. எம்மவர் கூறியதனால் மட்டும் எதுவும் மெய்யாகிவிடாது.

அவ்வாறாயின் யாரை நம்புவது? மன்றுகள் காட்டும் வழி தெளிவானது. முதலாவது, கண்டவன் கூறுகின்றானா, கேட்டவன் கூறுகின்றானா? 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் நேரடிச் சாட்சியத்தையே கோருகின்றது. இரண்டாவது, சாட்சி சுதந்திரமாகப் பேசுகின்றானா? வன்னியில் மாண்டோர் தொகையை உலகுக்கு அறிவித்த அரசாங்க வைத்தியர்கள், 2009 யூலையில், தடுப்புக் காவலில் இருந்தவாறே தம் கூற்றை மறுத்தனர். காவலில் உள்ளவனின் வார்த்தையை எத்துணை எச்சரிக்கையுடன் எடைபோட வேண்டுமென்பதைச் சட்டத்தரணிகள் அறிவர். மூன்றாவது, அக்கூற்றினால் அவனுக்கு இலாபமா, நட்டமா? அரசாங்கச் சம்பளம் பெற்ற உத்தியோகத்தர்கள் அரசாங்கத்தின் கணக்கையே மறுத்தனர். அதனால் அவர்களுக்குக் கிட்டக்கூடியது தண்டனையன்றி வேறில்லை. உண்மைக்கு மிக நெருங்கி நின்றவர்களும் அவர்களே!

1973ஆம் ஆண்டின் சட்டத்தால் அரசாங்கத்தின் பிடிக்குட் சென்ற லேக் ஹவுஸ் பத்திரிகைகளையும் வாசிப்போம். எமக்கு உவப்பான பத்திரிகைகளையும் வாசிப்போம். எதையும் வாசிக்காது ஒதுக்க வேண்டியதில்லை. எதையும் விசாரியாது ஏற்க வேண்டியதுமில்லை. எமக்கு இனிக்கும் செய்தியையே முதலிற் குறுக்கு விசாரணை செய்வோமாக. எமது கணக்குச் சரியாயிருந்தாலன்றோ பிறர் கணக்கைப் பொய்யென நாம் நிறுவ முடியும்!