மோட்டார் மேல் பழி

பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் ஜூன் மாதம் பிறந்தால் இரண்டு விஷயங்களுக்குப் பயப்படுவார்கள். ஒன்று, ஒழுகும் கூரை. இன்னொன்று, வைப்பர். கூரை ஒழுகினால் நனைவதோடு சரி. வைப்பர் நின்றால் கதை வேறு.

கர்நாடகத்தின் ஆகும்பே மலையில் எனக்கு அது நடந்தது. ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர். அங்கிருந்து சோமேஸ்வரத்துக்கு இறங்கும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். நாலாவது வளைவில் வைப்பர் நின்றுவிட்டது. பின்சீட்டில் மனைவியும் மகளும். எதிரே வந்த பஸ்ஸின் விளக்கு, வழியும் தண்ணீரில் வெறும் மஞ்சள் கறையாகத்தான் தெரிந்தது. ஓரம்கட்டினேன். பின்னால் வந்த லாரியின் டிரைவர் இறங்கி வந்து, ஒரு பீடியைப் பிரித்துப் புகையிலையைக் கண்ணாடியில் தேய்த்தார். தண்ணீர் திட்டுத் திட்டாக நிற்காமல் சீராக வழிந்தது. ஊர்ந்து ஊர்ந்து அடிவாரம் வந்து சேர்ந்தோம்.

அந்த மோட்டார் வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்கு முந்தைய மோட்டார் செத்துப்போனதாகச் சொல்லி ஒர்க்‌ஷாப்பில் மாற்றியிருந்தார்கள். அடிவாரத்தில் அதே டிரைவர், வைப்பர் ஸ்விட்சைப் போடச் சொல்லிவிட்டு, ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையை பாட்டரியின் எர்த்திலும் மறுமுனையை மோட்டாரின் உலோகக் கூட்டிலும் வைத்தார். வைப்பர் ஓடியது. இரண்டு மோட்டாருமே சாகவில்லை!

காரணம் எளிது. இத்தகைய ஜீப்புகளில் மோட்டார், முகப்புக் கண்ணாடியின் சட்டத்தில் இருக்கிறது. சட்டமோ பானட்டின் மேல் மடங்கக்கூடியது. மோட்டாருக்குள் போன மின்சாரம் கீல் வழியாகத்தான் பாடிக்குத் திரும்பவேண்டும். கீலில் துருவும் பெயின்டும் ஏறினால் பாதை அடைபடும். சட்டத்தை மடக்கி மடக்கியே, மோட்டாருக்குப் போகும் ஒயரும் கீலருகே உறைக்குள் அறுந்துபோகும். வெளியே பார்த்தால் தெரியாது.

ஆகவே பர்ஸைத் திறக்குமுன் வரிசையாகப் பாருங்கள். முதலில் ஃப்யூஸ். அடுத்து, மேலே சொன்ன எர்த் ஒயர் சோதனை. அதிலும் ஓடாவிட்டால், ஸ்விட்சைப் போட்டு, மோட்டாருக்கு வரும் ஒயரில் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். லாம்பின் எர்த்தை பாட்டரியிலேயே கொடுங்கள். எரியாவிட்டால் கோளாறு ஸ்விட்சிலோ ஒயரிலோ. எரிந்தால் மட்டுமே மோட்டாரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டினால் ஓடுகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஓடுகிறது, ஆனால் திணறுகிறது என்றால், பல்சக்கரத்தில் கிரீஸ் இறுகியிருக்கலாம். மண்ணெண்ணெயில் கழுவிப் புதிய கிரீஸ் வையுங்கள். கம்யூட்டேட்டர் பக்கம் கிரீஸ் போகவே கூடாது.

மிகப் பழைய பெட்ரோல் ஜீப்புகள் சிலவற்றில் மின் மோட்டாரே இல்லை. என்ஜின் இழுக்கும் வெற்றிடத்தில் வைப்பர் ஓடும். மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் அது சோர்ந்துவிடுவது இயல்பு. சமதரையிலும் சோர்ந்தால் ரப்பர் குழாயில் விரிசல் தேடுங்கள். டீசல் என்ஜினுக்கு மாற்றியவர்கள் எதையும் தேடவேண்டாம். அதில் அந்த வெற்றிடம் கிடைக்காது. மின் மோட்டார்தான் வழி. போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் மின்சாரம் 6 வோல்ட். 12 வோல்ட்டுக்கு மாற்றிய வண்டியில் பழைய 6 வோல்ட் மோட்டாரைப் பூட்டினால் கருகிவிடும்.

வைப்பர் சரியாக இருக்கவேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. மழைக்காலத்து மலைப்பாதை அதைவிடக் கண்டிப்பானது. மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு காலை, கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி வைப்பரைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நிற்பதானால் வீட்டு வாசலிலேயே நிற்கட்டும்.

என் ஜீப்பில் இப்போது மோட்டாரிலிருந்து பாடிக்குத் தனியாக ஓர் எர்த் ஒயர் போகிறது. செலவு, ஒரு முழம் ஒயரும் இரண்டு ஸ்க்ரூவும்தான்.