மூச்சுப் பயிற்சியா, ஆள் நியமனமா?

ஆஸ்பத்திரி நர்ஸுகளும் டாக்டர்களும் வேலைப்பளுவால் உடலும் மனமும் நொந்து போகிறார்கள் என்பதை மேலிடத்தாரும் இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். நல்லது. ஆனால் அவர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்து என்ன? யோகாசனம்! வேலையிடத்திலேயே ஐந்து நிமிஷத்தில் செய்து முடிக்க ஒரு யோகப் பயிற்சியை மத்திய ஆயுஷ் இலாகா 2020-ல் கொண்டுவந்தது. வைத்தியக் கல்லூரி மாணவர்கள் ஆண்டுதோறும் ஜூன் 12 முதல் 21 வரை பத்து நாள் யோகா பயில வேண்டும் என்று தேசிய மருத்துவக் கமிஷன் 2022-ல் பாடத்திட்டத்தில் சேர்த்தது. ஜூன் 21 வந்தால் பாய் விரித்துப் படம் பிடிப்பது சடங்காகிவிட்டது.

நாம் யோகாவின் விரோதிகள் அல்ல. நாளெல்லாம் நின்ற காலை நீட்டி, முதுகை நிமிர்த்தி, நிதானமாக மூச்சு விட்டால் யாருக்கும் இதமாகத்தான் இருக்கும். நர்ஸுகளிடையே நடந்த சில சோதனைகளில் தூக்கமும் பதட்டமும் ஓரளவு சீர்பட்டிருக்கின்றன. விரும்புகிறவர்கள் செய்யட்டும், டியூட்டி நேரத்தில், சம்பளத்தோடு, அதற்கு இடமும் கொடுக்கட்டும். ஆனால் ராத்திரி ஷிப்டில் வார்டு முழுவதற்கும் ஒருத்தியாக நிற்கிறவள் அந்த ஐந்து நிமிஷத்துக்கு யாரிடம் நோயாளிகளை ஒப்படைத்துவிட்டுப் போவாள்? இதற்கு இலாகாவின் பதில் என்ன?

இந்த நோவுக்கு 'பர்ன் அவுட்' என்று பெயர். எரிந்து ஓய்ந்துபோவது என்று பொருள். நியூயார்க்கில் ஓர் இலவச வைத்தியசாலையில் ஊழியம் செய்தவர்களைக் கூட இருந்து பார்த்த மனோதத்துவ நிபுணர் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர் 1974-ல் இதைப் பற்றி எழுதினார். உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் இதைத் தன் பட்டியலில் சேர்த்தபோது, இது தனி நோயல்ல, வேலையிடத்தின் ஓயாத நெருக்கடியைத் தீர்க்காமல் விட்டதால் வருவது என்று விளக்கியது. சக்தி வற்றுவது, வேலையில் ஒட்டுதல் அற்றுப்போவது, கைத்திறன் குறைவது ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். காரணம் வேலையிடத்தில் இருக்கிறது. வைத்தியமோ தொழிலாளியின் மூக்குக்குச் செய்யப்படுகிறது!

இரண்டாவது அடையாளத்தை நமது வாசகர்கள் நன்றாக அறிவார்கள். காய்ச்சலோடு தர்மாஸ்பத்திரிக்குப் போன விவசாயத் தொழிலாளி, "அந்தம்மா வள்ளென்று விழுந்தாள்" என்று மனம் கசந்து திரும்புகிறார். அந்த வசவில் சில சமயம் சாதித் திமிரும் உண்டு. அதை நாம் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் பல சமயம் அது வற்றிப்போன ஒரு மனுஷியின் குரல். அவளுக்கு நீங்கள் மாரியம்மாளாகவோ முத்துவாகவோ தெரிவதில்லை. ஏழாம் நம்பர் கட்டிலாகத் தெரிகிறீர்கள். போதனா ஆஸ்பத்திரி வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்றப் பொது ஆஸ்பத்திரிகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த அளவு. நீங்கள் படுத்திருந்த வார்டை நினைத்துப் பாருங்கள்.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு சைடு பார்த்தவனை நாலு சைடு பார்க்கச் சொன்னபோது நூல் அறுந்தது, கை நடுங்கியது. அன்று சங்கம் கேட்டது ஆள். மூச்சுப் பயிற்சியை யாரும் கேட்கவில்லை. மில்லில் அறுவது நூல். வார்டில் அறுவது உயிர். அமெரிக்காவில் பென்சில்வேனியா ராஜ்யத்தின் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட கணக்கு இது: ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அவள் எரிந்து ஓயும் வாய்ப்பு 23 சதவிகிதம் கூடுகிறது, ஆபரேஷன் ஆன நோயாளி 30 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 7 சதவிகிதம் கூடுகிறது. கலிபோர்னியாவில் நர்ஸுகளின் சங்கம் போராடி, இத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று 1999-ல் சட்டமே கொண்டுவரச் செய்தது; அது 2004-ல் அமலுக்கு வந்தது.

பயிற்சியும் தியானமும் தனியாக எவ்வளவு தூரம் போகும்? பிரிட்டனில் 46,000-க்கு மேற்பட்ட ஊழியர்களிடம் திரட்டிய விவரங்களை ஆராய்ந்து 2024-ல் ஒரு கட்டுரை வந்தது. நிர்வாகம் ஏற்பாடு செய்த மனநலப் பயிற்சிகளில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நல்ல நிலையில் இல்லை என்பதே அதன் முடிவு. அவர்கள் எல்லாத் தொழிலையும் சேர்ந்தவர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் மட்டுமல்ல.

நமது ராஜ்யத்துக்கு வருவோம். 2015-ல் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து எடுத்த நர்ஸுகளுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற வாக்கு நிறைவேறாததால் 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் தரையில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. கொரோனாவின்போது ஒப்பந்தத்தில் சேர்த்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நர்ஸுகளின் வேலை 2022 டிசம்பர் 31-ல் முடிக்கப்பட்டது. கைதட்டி வாழ்த்திய கை ஓய்வதற்குள் சீட்டுக் கிழிந்தது! பயிற்சி டாக்டர்களுக்குத் தொடர்ந்து 12 மணிக்கு மேல் டியூட்டி கூடாது என்று 1992-லேயே மத்திய சர்க்கார் விதி செய்திருக்கிறது. 36 மணி நேர டியூட்டி இன்னும் ஒழியவில்லை.

நிரந்தர நியமனம், காலியிடங்களை நிரப்புதல், எட்டு மணி ஷிப்டு, வாரம் ஒரு லீவு என்று நர்ஸுகள் கேட்பது நமது கோரிக்கையும்தான். மில் தொழிலாளியின் கூலியிலிருந்து 0.75 சதவிகிதமும் முதலாளியிடமிருந்து 3.25 சதவிகிதமும் ஈ.எஸ்.ஐ.க்குப் போகிறது. அந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நர்ஸ் பதவிகள் உண்டு, எத்தனை காலி என்று கேட்கும் பாத்தியதை நமக்கு உண்டு. தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி ஒரு மனுப் போட்டால் எழுத்தில் பதில் வர வேண்டும். சங்கக் கிளைகள் தத்தம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கும், விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் தாலுகா ஆஸ்பத்திரிக்கும் இந்த மனுவைப் போடட்டும். வரும் பதிலை வார்டு நர்ஸுகளுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். நமக்கும் அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறோம்.