விலக்கும் வாய்மையும்



மாமன் மகளையோ அத்தை மகளையோ மணக்க விழையும் நம் இளைஞர், முதலில் பங்குத்தந்தையின் இல்லத்தை நாடி வருவது நீங்கள் அறிந்ததே. நெருங்கிய இரத்த உறவு திருமணத்திற்குத் தடை. அத்தடையினின்று விலக்குப் பெற ஆயருக்கு மனுச் செய்தல் வேண்டும். மனுவில் தகுந்த காரணம் காட்டுதல் வேண்டும். விலக்கு என்பது உரிமையன்று, சலுகை. சொல்லவேண்டிய உண்மையை மறைத்தோ, பொய்க் காரணத்தையே அடிப்படையாகக் காட்டியோ பெற்ற சலுகை செல்லாததாகிவிடக்கூடும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 63-ஆம் விதியால் விளங்கும். இம்முறையை அறிந்தவர்க்கு, அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்திலுள்ள தடைவிலக்கு மனு அத்துணைப் புதிராகத் தோன்றாது. அம்மனுக்களுக்குச் சான்றுக் கடிதம் வேண்டி நம்மிடம் வருவோர் இருப்பதால், இம்மாதம் அதுபற்றி எழுத முனைந்தோம்.

ஒரு குடும்பத்தின் நிலையைப் பெயர் சுட்டாது சொல்வோம். நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் சுற்றுலா விசாவில் அந்நாடு சென்றார். அனுமதித்த நாள் கடந்தும் நான்காண்டு அங்கேயே தங்கினார். அந்நாட்டுக் குடியுரிமை உடைய செவிலியப் பெண் ஒருவரைக் கோவிலில் முறைப்படி மணந்தார். ஒரு மகனும் பிறந்தான். முறையாக விசா காட்டி நுழைந்தவர், குடிமகளின் கணவர் என்ற வகையில், நாட்டை விட்டு வெளியேறாமலேயே நிரந்தரவாசியாகும் மனுவைக் கொடுக்க அவருக்கு வழி இருந்தது. அதற்குள் ஊரில் தாயார் இறந்துபோனார். எவரையும் கேளாது விமானம் ஏறி அடக்கத்திற்கு வந்துவிட்டார். எந்த மகன்தான் வராதிருப்பான்? ஆயினும் அந்தப் பயணமே தடையைப் பிறப்பித்துவிட்டது.

1996-இல் இயற்றப்பட்டு 1997 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. அனுமதியின்றி 180 நாளுக்கு மேல் ஓராண்டுக்குள் தங்கியவர் தாமாக வெளியேறினால், மூன்றாண்டு திரும்ப இயலாது. ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவர்க்குப் பத்தாண்டு. தங்கியதே பிழை எனினும், தடை விழுவது வெளியேறும்போதுதான். இந்த நுட்பம் அறியாமையால் பிரிந்த குடும்பங்கள் பல.

மனைவி கணவனுக்காக ஐ-130 என்னும் மனுவைச் செய்தார், அது ஏற்கப்பட்டது. ஊரில் இனிப்பு வழங்கினர். அம்மனு மெய்ப்பிப்பது உறவை மட்டுமே. தடையை அது தொடுவதில்லை என்பது தூதரகத்தில் விசா மறுக்கப்பட்டபோதுதான் புரிந்தது. தடை நீங்க ஐ-601 என்னும் வேறொரு மனு வேண்டும். அதில் மெய்ப்பிக்க வேண்டியது, கணவன் வராவிடில் இன்னாருக்குக் கடுந்துன்பம் நேரும் என்பதை.

அந்த ‘இன்னார்’ யார் என்பதில்தான் நம் உள்ளம் பதைக்கிறது. அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தரவாச உரிமையோ உடைய கணவன், மனைவி, தாய், தந்தை ஆகியோரின் துன்பம் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். தடை விதிக்கப்பட்டவரின் சொந்தத் துன்பம் கணக்கில் இல்லை. ஊரிலிருக்கும் முதிய தந்தை, அவ்வுரிமை இல்லாதவராதலின், எத்துணை அழுதாலும் அது கணக்கில் இல்லை. எல்லாவற்றினும் வியப்பு, அங்கேயே பிறந்து அந்நாட்டுக் குடிமகனாகவே இருக்கும் பிள்ளையின் துன்பமும் இவ்வகைத் தடைக்கு நேரடியாக எண்ணப்படுவதில்லை. அப்பாவைத் தேடி இரவெல்லாம் விழித்திருக்கும் சிறுவனைக் கண்டு தாய்க்கு நேரும் துன்பம் எண்ணப்படும். சிறுவன் படும் துன்பம் அவள் வழியாகவே எட்டிப் பார்க்க வேண்டும். குடும்பத்தைக் காக்கவென்று வைத்த கதவு, பிள்ளையின் முன் மூடியிருப்பது நீதியன்று என்பது நம் துணிபு. 1952-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் குடிபெயர்ந்தோரைப் பற்றிய தம் ஆணை மடலில் எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே முன்மாதிரியாக வைத்தார். அக்குடும்பத்தின் நடுவில் இருந்தது ஒரு குழந்தை அன்றோ?

நிற்க. துன்பம் என்றால் எத்தகையது? பிரிவால் எவர்க்கும் நேரும் ஏக்கமும் பணமுடையும் மட்டும் போதா என்பர். ஆனால் நோய், கடன், முதியோரைப் பேணும் பொறுப்பு, பிள்ளையின் கல்வி ஆகியவற்றைத் தனித்தனியே தள்ளிவிடாமல் ஒருங்கே சேர்த்து நிறுக்க வேண்டும் என்பதும் அவர்களது நெறியே. மனைவி அங்கே தனித்திருந்தால் என்ன ஆகும், கணவனுடன் இங்கே வந்து குடியேறினால் என்ன ஆகும் என்று இரு பக்கமும் நோக்குவர். இத்தனையும் காட்டிய பின்னரும், தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்புரிமையே.

இவ்விடத்தில்தான் சோதனை வருகிறது. அப்பெண்ணுக்கு மனநோய் என்று எழுதிக் கொடுங்கள் சுவாமி, என்று உறவினர் நம்மைக் கேட்டனர். எழுதினால் வேலை எளிதாகும் என்று நகரத்துத் தரகர் ஒருவர் சொல்லிவிட்டாராம். நாம் மறுத்தோம். விசாவுக்காகப் பொய் கூறியவர் என்று தீர்ப்பானால் வாழ்நாள் முழுமைக்கும் தடை. அதற்கும் இதே போன்ற விலக்கு மனுவைத்தான் தேட வேண்டும். தன்னை அந்நாட்டுக் குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிக்கொண்டவர்க்கோ, குடியேற்ற விசாவுக்கு விலக்கே இல்லை. விசாவுக்காக நடிக்கப்பட்ட திருமணமும் அவ்வாறே. பின்னர் எவர் மனுச் செய்தாலும் ஏற்கப்படாது. (மனம் ஒப்பாமல் வாயால் மட்டும் சொன்ன சம்மதம் திருமணமாகாது என்பது நம் திருச்சபைச் சட்டமும் கூட.)

பொய் வேண்டாம் என்று அனுப்பிவிட்டால் நம் கடமை முடிந்ததா? அமர்த்தி வைத்து வினவினோம். அப்பெண்ணின் தந்தை பக்கவாதத்தால் படுத்திருக்கிறார். இரவுப் பணிக்கு இவள் செல்லுங்கால் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தவர் மருமகனே. சிறுவனுக்குப் பேச்சு வரத் தாமதம். அங்கே வாரம் இருமுறை பயிற்சி பெறுகிறான். நம் ஊரில் அத்தகைய பயிற்சி இல்லை. பேருந்தில் இரண்டு மணி நேரம் செல்ல வேண்டும். இத்துணை உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு பொய்யைத் தேடி அலைந்திருக்கின்றனர்! தந்தையின் நோய்க்கு மருத்துவர் சான்றும், மகனின் பயிற்சிக்குப் பள்ளியின் சான்றும் அங்கிருந்தே பெறச் சொன்னோம். கணவரின் நடத்தையையும், நம் ஊரிலிருந்து அப்பயிற்சிக்குள்ள தொலைவையும் நாமே அறிவோமாதலின், அவை இரண்டை மட்டும் எழுதிக் கையொப்பமிட்டோம்.

அமெரிக்காவில் இருப்போருக்கு ஒரு சொல். விசாவின்றி எல்லை கடந்து நுழைந்தவர் பெரும்பாலும் தம் நாட்டுத் தூதரகம் சென்றே குடியேற்ற விசா பெற வேண்டியிருக்கும். அத்தகையோர் புறப்படுமுன்பே விலக்கைக் கேட்க, 2013 மார்ச்சு முதல் ஐ-601ஏ என்னும் மனு உண்டு. அனுமதியின்றித் தங்கிய குற்றத்தை மட்டுமே அது நீக்கும். தூதரகத்தில் வேறு தடை தெரியவந்தால் அவ்விலக்கும் தானே அழியும். ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றித் தங்கி, வெளியேறி, மீண்டும் திருட்டுத்தனமாக நுழைந்தவரின் நிலை இன்னும் கடினம். பத்தாண்டு வெளியே கழித்த பின்னரே அனுமதி கேட்கவும் முடியும். ஆகவே சாவு வீடானாலும், வழக்கறிஞரைக் கேளாது விமானச் சீட்டு வாங்க வேண்டாம். அந்நாட்டு ஆயர்கள் 1988-இல் நிறுவிய கத்தோலிக்கக் குடியேற்றச் சட்ட உதவி வலையமைப்பு பல மறைமாவட்டங்களின் உதவி நிலையங்களுக்குத் துணைநிற்கிறது. அரசின் ஒப்புதல் பெற்ற பிரதிநிதி இருக்கின்றாரா என்று கேட்டு அங்கே செல்க.

இறுதியாக, நம் பங்குகளிலிருந்து அனுப்பும் திருமணச் சான்று, திருமுழுக்குச் சான்று எதுவாயினும், தமிழில் இருந்தால் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்புடன், இரு மொழியும் அறிந்தவர் பிழையின்றிப் பெயர்த்தேன் என்று கையொப்பமிட்டு இணைக்க வேண்டும். பதிவேட்டில் அந்தோணி என்றும் கடவுச்சீட்டில் அந்தோனி என்றும் இருப்பின், அதனை முன்கூட்டியே எம்மிடம் சொல்லுங்கள்.