வெயில் நம் கூரையிலும்தான் விழுகிறது

வீட்டு மாடியில் சூரியத் தகடு போடுபவர்களுக்கு ஒன்றிய அரசு 2024 பிப்ரவரி முதல் மானியம் தருகிறது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000. தமிழகத்தில் மக்கள்தொகைக் கணக்குப்படி பட்டியல் சாதியினரின் விகிதம் மிக அதிகமாக உள்ள மாவட்டங்களில் ஒன்று நம் திருவாரூர். நூறு பேரில் 34 பேர். மாவட்டத்தில் தகடு ஏறிய மாடிகளில் நூற்றுக்கு 34 நம் தெருக்களில் உள்ளனவா? வாசகர்கள் தங்கள் ஊரில் எண்ணிப் பார்க்கட்டும்.

நெட் மீட்டரிங் என்பது இதுதான். பகலில் தகடு தரும் மின்சாரத்தில் நாம் பயன்படுத்தியது போக மிச்சம் கம்பி வழியே வாரியத்துக்குப் போகும். இரவில் வாரியத்திடமிருந்து எடுப்போம். இருவழி மீட்டர் இரண்டையும் கழித்துக் காட்டும். வித்தியாசத்துக்கு மட்டும் பில். தமிழகத்தில் 2012 சூரிய மின்கொள்கையில் வந்த ஏற்பாடு இது. 2019இல் மாற்றப்பட்டு, மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 அக்டோபர் 22 ஆணையால் வீட்டு இணைப்புகளுக்குத் திரும்பி வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகுமா?

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். அரசு மானியம் போக பில் 235 ரூபாய். ஆண்டுக்கு 1,410. ஒரு கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். பில் முழுவதும் அடைபட்டுவிடும். ஆனால் மானியம் போக நாம் கையிலிருந்து போட வேண்டியது 25,000 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும், அந்த முதல் திரும்பப் பதினேழு ஆண்டுக்கு மேல் ஆகும். ஏ.சி. ஓடும் வீட்டுக்கு மேல் அடுக்குகளில் யூனிட் 8 ரூபாய்க்கு மேல் போகிறது. அவருக்குச் சில ஆண்டுகளில் போட்ட பணம் வந்துவிடும். அதிகம் செலவழிப்பவருக்கு அதிக லாபம். ஏழைக்கு விளம்பரத் தட்டி.

ஆகவே நமக்கு வேண்டாம் என்று ஒதுங்கிவிடலாமா? கூடாது. விதியை நமக்கு ஏற்றபடி எழுதச் சொல்ல வேண்டும்.

டெல்லியில் 2019 முதல் மெய்நிகர் நெட் மீட்டரிங் என்ற முறைக்கு விதி உண்டு. தகடு ஒரே இடத்தில் இருக்கும். அதில் வரும் மின்சாரம் பல வீடுகளின் பில்லில் பங்கிட்டுக் கழிக்கப்படும். மாடி இல்லாதவருக்கும், வாடகைக்கு இருப்பவருக்கும், கீற்றுக்கூரை வீட்டுக்கும் பங்கு உண்டு. நம் குடியிருப்புகளில் சமுதாயக் கூடம் இருக்கிறது, ஆதிதிராவிடர் நலப் பள்ளி இருக்கிறது, மாணவர் விடுதி இருக்கிறது. அங்கே 10 கிலோவாட் போட்டால் ஆண்டுக்கு 14,000 யூனிட் வரை கிடைக்கும். யூனிட்டுக்கு 3 ரூபாய் கொடுத்து வாரியம் வாங்கினாலும் 42,000 ரூபாய். அதை அந்தத் தெருவின் மகளிர் குழுக் கணக்கில் வரவு வைக்கட்டும். முதலீட்டுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 2024இல் சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் இதற்கில்லாமல் வேறு எதற்கு? நம் வீடுகளின் இலவச யூனிட்டுக்கு அரசு வாரியத்துக்குக் கொடுக்கும் மானியமும் இதனால் மிச்சமாகும். அந்த மிச்சத்தில் நமக்குப் பங்கு கேட்பது பிச்சையல்ல.

பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2011இல் பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 300 சதுர அடி வீடு, ஐந்து சூரிய விளக்கு, ஒதுக்கீட்டில் 29 விழுக்காடு ஆதிதிராவிடருக்கு. பேட்டரி செத்த பிறகு அணைந்துபோன விளக்குகளை நம் தெருக்களில் இன்றும் பார்க்கலாம். கட்டிக் கொடுக்கத் திட்டம் இருந்தது, பராமரிக்க ஆள் இல்லை. இப்போதைய மானியத்துக்கோ ‘முன்பு வேறு சூரிய மானியம் பெற்றிருக்கக் கூடாது’ என்று ஒரு நிபந்தனை. எரியாத அந்த ஐந்து விளக்கைக் காட்டிப் பசுமை வீட்டுக்காரர்களை யாரும் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. அவர்களுக்கு இந்த நிபந்தனை பொருந்தாது என்று அரசு எழுத்தில் தெளிவுபடுத்த வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தகடு இருந்தால் கரண்ட் போனாலும் விளக்கு எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். நெட் மீட்டரிங் இணைப்பில் எரியாது. கம்பியில் வேலை செய்பவரின் உயிர்ப் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். 2018 கஜா புயலில் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கம் நாள்கணக்கில் இருளில் கிடந்தவர்களுக்கு இது முக்கியம். எனவே பொதுக்கூடத்தில் போடும் தகட்டுடன் பேட்டரியும் சேர்த்தே கேட்க வேண்டும், செல்போன் சார்ஜ் போடவும் குழந்தைகளை ஒதுக்கி வைக்கவும் ஓர் இடமாவது வெளிச்சமாக இருக்கும்.

கலைஞர் கனவு இல்லத்தில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை வருகிறது. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி போதும். கட்டும்போதே குழாயும் கம்பியும் போக வழிவிட்டுக் கட்டினால் பிறகு உடைக்க வேண்டியதில்லை. அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக 2025இல் முதல்வர் அறிவித்தார், நல்லது. அந்தக் கூரைகளையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை முடிவு செய்யும் முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது மின்சாரச் சட்டம் 2003இன்படி கட்டாயம். அந்தக் கூட்டங்களுக்கு ஆலைக்காரர்களின் சங்கங்கள் தவறாமல் போகின்றன. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் தெருக்காரர்களின் கையெழுத்தோடு ஒரு மனு எழுதி அனுப்பலாம், தமிழிலேயே எழுதலாம்.

அதற்கு முன் வீட்டில் ஒரு வேலை. இலவச மனைப்பட்டா பெரும்பாலும் அம்மாவின் பெயரில் இருக்கும். மின் இணைப்பு காலமாகிவிட்ட தாத்தாவின் பெயரில் இருக்கும். அந்த முரண்பாடு ஒன்றே விண்ணப்பத்தை நிறுத்திவிடும். மின் கணக்கீட்டு அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் வாரிசுச் சான்றும் பட்டா நகலும் எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள்.