வாகைக்குப் பின் பொற்கிழி. வழிக்கு எவர் பொருள்?

வடவர் சதுரங்கம் என்பதனைத் தமிழர் ஆனைக்குப்பு என்றனர். அவ்வாட்டத்தில் 2024 திசம்பர் 12-ஆம் நாள், சிங்கப்பூரில் சீனத்துத் திங் இலிரனை 7½–6½ எனும் புள்ளிகளால் வென்று, 18 அகவைச் சென்னைப் பிள்ளை குகேசு உலக வாகையரானார். தமிழ்நாட்டரசு 5 கோடி உருவா வழங்கிற்று. வென்றாரைப் போற்றுதல் தக்கதே. ஆயின், வெல்லும் ஆற்றலிருந்தும் வழியறியாத பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பார் எவர்?

2023 திசம்பரை நினைவு கூர்க. அத்திங்களில் அரசின் பொருளுதவியோடு சென்னையில் பேராசான்மார் போட்டி நடந்தது. குகேசு முதலிடம் பெற்றார். உலகப் பட்டத் தேர்வுப் போட்டிக்குள் நுழைய அவ்வெற்றி கைகொடுத்தது. அதே திங்களில், புயல்வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய்க் கழிவு எர்ணாவூர் வீடுகளுள் புகுந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர்தம் படகும் வலையும் பிசுக்கேறிக் கறுத்தன. நகர் ஒன்று, திங்கள் ஒன்று, வாழ்வோ இரண்டு!

அறிவு ஆலைப்புகைக்கு அஞ்சி எர்ணாவூரை ஒதுக்கிப் பிறப்பதன்று. ஒதுக்குவது பணமே. பேராசான் பட்டம் பெற 2500 தரப்புள்ளியும், 27 ஆட்டங்களேனும் அடங்கிய தகுதிநிலைகளும் வேண்டும். அப்போட்டிகளில் பட்டம் பெற்றோரும் பிறநாட்டாரும் போதிய அளவில் ஆடுதல் வேண்டும். எனவே பிள்ளைகள் ஐரோப்பாவுக்குப் பறக்கின்றனர். குகேசின் தந்தையார் அறுவை மருத்துவர், மகனுடன் செல்லத் தம் தொழிலையே நிறுத்தினார், நண்பர்களும் பொருளுதவினர். மருத்துவர் குடும்பமே இத்துணை இடர்ப்பட்டதெனின், துறைமுகச் சுமையாளியும் வலைஞரும் யாது செய்வர்?

இரண்டாம் தடை மொழி. பயிற்சியும் நூலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆட்டத்தைக் குறித்து வைக்கும் எழுத்தும் ஆங்கிலமே! உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதியோ, காய்களின் பெயர்க்கு அவரவர் நாட்டு வழக்கின் முதலெழுத்தை எழுதலாம் என்கிறது. செருமானியர் தம் எழுத்தில் எழுதுகின்றனர். உருசியர் தம் எழுத்தில் எழுதுகின்றனர். வேந்தனுக்கு ‘வே’, யானைக்கு ‘யா’, குதிரைக்குக் ‘கு’ என எழுதத் தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் கை கூசுவதேன்? உலகம் ஒப்பிய உரிமையைத் தமிழன் தானே துறந்து நிற்கின்றான்.

வழியில்லை என்பார் வரலாறு அறியாதார். 1972-இல் சென்னைச் சோவியத்துப் பண்பாட்டு நடுவத்தில் தால் பெயரால் ஒரு கழகம் எழுந்தது. அங்குப் பயின்ற விசுவநாதன் ஆனந்து 1988-இல் இந்தியாவின் முதற் பேராசானார்; பின்னர் உலக வாகையுமானார். அயலார் திறந்த ஒரு கதவே அத்துணைப் பயன் தந்தது! ஏறத்தாழ 30 இலக்கம் மக்களே வாழும் ஆர்மீனியா 2011 முதல் தொடக்கப்பள்ளியிலேயே இவ்வாட்டத்தைக் கட்டாயப் பாடமாக்கியது.

தமிழ்நாட்டரசு செய்யவேண்டுவன மூன்று. எர்ணாவூர், திருவொற்றியூர், இராயபுரம் அரசுப்பள்ளிகளில் பலகையும் பயிற்சியாசிரியரும் வேண்டும். தமிழிலேயே பாடநூல் வேண்டும். தகுதிநிலை தேடும் ஏழைப் பிள்ளையின் செலவை, அவன் வென்றபின் அன்று, புறப்படும் முன்னரே அரசு ஏற்கவேண்டும்.

விளைந்தபின் கதிருக்கு மாலை சூட்டுவோர், விதைக்கு நீர் வார்க்க மறத்தல் அறமாகுமா?