கம்பெனி பாகப்பிரிவினை: குமாஸ்தா எந்தப் பக்கம்?

ஐ.டி.சி.யின் ஓட்டல் தொழில் 2025 ஜனவரி 1-ந் தேதி தனிக் கம்பெனி ஆனது. 10 பங்கு வைத்து இருந்தவர்களுக்கு ஓட்டல் கம்பெனியில் 1 பங்கு கிடைத்தது.

பங்குக் கணக்கு சுலபம். எந்தக் கம்பெனி பிரிந்தாலும் சிக்கல் வேறு இடத்தில்தான். பிரிகிற "தொழில்" என்பது எது, எது?

கட்டிடமும் எந்திரமும் கண்ணுக்குத் தெரியும். பழைய வழக்கு, வரி பாக்கி யார் தலையில் விழும்? இரண்டு தொழிலுக்கும் கணக்கு எழுதும் தலைமை ஆபீஸ் குமாஸ்தா யாருடைய ஆள்?

சட்டம் சொல்வது

வெறும் நிலத்தையோ கட்டிடத்தையோ பிய்த்துக் கொடுத்தால் வரிச் சலுகை கிடையாது. 1999-ல் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த விளக்கப்படி, நடக்கிற தொழிலாக முழுசாகக் கைமாற வேண்டும். அதன் கடனும் கூடவே போக வேண்டும். பொதுவாக வாங்கிய கடனை, போகிற சொத்தின் மதிப்புக்கு ஏற்பப் பங்கிட வேண்டும்.

ஆள் கணக்கு

கடனைப் பங்கு போடலாம். ஆளைப் பங்கு போட முடியுமா?

ஆகவே ஊழியர் பட்டியல், பழைய சர்வீஸ் தொடர்ச்சி, கிராஜுவிட்டிப் பொறுப்பு மூன்றும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால், "அந்தப் பக்கம் போய்க் கேள்" என்று இரண்டு கம்பெனியும் கை காட்டும்!