சொந்த லாரி: கூலியா, இலாபமா?

இருபது ஆண்டுகள் பிறருடைய லாரியை ஓட்டிய ஒருவர், புதிய வண்டிக்கான விலைப்பட்டியலுடன் வங்கிக் கிளைக்கு வருகிறார். முன்பணத்திற்கு மனைவியின் நகைகள் இருக்கின்றன. போதாவிட்டால் ஊரிலுள்ள வீட்டின் பத்திரமும் இருக்கிறது. முதலாளிக்கு ஓட்டியது போதும், இனி நமக்காக ஓட்டுவோம் என்பது அவருடைய எண்ணம். அவ்வெண்ணத்தில் பிழை ஏதுமில்லை. இந்தியச் சாலைகளில் ஓடும் லாரிகளில் பெரும்பாலானவை ஐந்து வண்டிகளோ அதற்கும் குறைவாகவோ வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுடையவையே. நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் கிளீனராகத் தொடங்கி, ஓட்டுநராகி, பின் உரிமையாளராக உயர்ந்தவர்களை நாம் அறிவோம். ஆயினும், கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் ஒரு கேள்விக்கு அவர் விடை காண வேண்டும்: இந்த வண்டி தரப்போவது இலாபமா, அல்லது அவருடைய கூலியே வேறு பெயரில் திரும்பி வருவதா?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இங்குள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை. தத்தம் வழித்தடத்திற்கேற்ப ஒவ்வொருவரும் மாற்றிக்கொள்ளலாம். பத்துச் சக்கர லாரி, பாடி கட்டி முடித்து ரூ.40 லட்சம் என்று கொள்வோம். முன்பணம் ரூ.8 லட்சம், மீதி ரூ.32 லட்சத்தை 10 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.68,000. வண்டி மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் வீதம் 2,000 லிட்டர் டீசல் வேண்டும், லிட்டர் ரூ.90 எனில் ரூ.1,80,000. சுங்கக் கட்டணம் ரூ.30,000. டயர் தேய்மானம் ரூ.20,000. பழுதுபார்ப்பு, ஆயில் முதலியன ரூ.15,000. காப்பீடு, சாலை வரி, பர்மிட், எஃப்.சி. ஆகியவற்றின் ஆண்டுச் செலவை மாதத்திற்குப் பகிர்ந்தால் ரூ.15,000. புக்கிங் ஆபீஸ் கமிஷன், ஏற்றுகூலி, இறக்குகூலி, வழிச்செலவு ரூ.15,000. தவணையையும் சேர்த்தால் மொத்தச் செலவு ரூ.3,43,000 ஆகிறது. ஓட்டுநரின் சம்பளம் இதில் இன்னும் சேரவில்லை.

இனி வரவைப் பார்ப்போம். லோடுடன் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ரூ.55 வாடகை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8,000 கிலோமீட்டரில் 7,200 கிலோமீட்டர் லோடுடன் ஓடினால் வரவு ரூ.3,96,000, கையில் நிற்பது ரூ.53,000. அதே வண்டி, அதே உழைப்பு, ஆனால் ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் 6,400 கிலோமீட்டர் மட்டுமே லோடுடன் ஓடியது எனில் வரவு ரூ.3,52,000, கையில் நிற்பது வெறும் ரூ.9,000. கூடுதலாக வெற்றாக ஓடிய 800 கிலோமீட்டர், ஏறத்தாழ ரூ.44,000 வருமானத்தைக் கொண்டுபோய்விட்டது.

முதல் நிலையிலும் ரூ.53,000 முழுவதும் இலாபமன்று. அவர் வேறொருவரிடம் ஓட்டியிருந்தால் மாதம் ரூ.30,000 சம்பளம் பெற்றிருப்பார் எனில், அதை முதலில் கழிக்க வேண்டும். ரூ.8 லட்சம் முன்பணம் வைப்புத்தொகையாக இருந்திருந்தால் 7 விழுக்காட்டில் மாதம் ஏறத்தாழ ரூ.4,600 வட்டி வந்திருக்கும். அதையும் கழிக்க வேண்டும். எஞ்சுவது ரூ.18,000 அளவே. உரிமையாளராக அவர் ஏற்கும் இடர்கள் அனைத்திற்குமான ஊதியம் அது. இரண்டாம் நிலையிலோ, அவர் தம் சம்பளத்தில் ரூ.21,000த்தை மாதந்தோறும் வண்டிக்குத் தானமாக அளித்துக்கொண்டிருக்கிறார். அதை உணராமலும் இருக்கிறார்.

ஐந்தாண்டு முடிவில் வண்டி அவருடையதாகிவிடுமே என்று வாசகர்கள் கேட்கலாம். உண்மை, தவணையில் ஒரு பகுதி சேமிப்பேயாகும். ஆனால் அன்று அது ஏறத்தாழ 4,80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. எட்டு ஆண்டுகள் கடந்தபின் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பழுதுச் செலவும் கூடும். விற்றால் கிடைக்கும் விலையைத்தான் சேமிப்பாகக் கொள்ளலாமேயன்றி, வாங்கிய விலையை அன்று.

உரிமையாளரின் கையில் இல்லாத காரணிகளும் உள்ளன. 2017 ஜூன் முதல் டீசல் விலை நாள்தோறும் மாற்றியமைக்கத் தக்கதாயிற்று. பேசி முடித்த வாடகை அவ்வாறு மாறுவதில்லை. 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பு உயர்த்தப்பட்டு, மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாயிற்று. ஒரு வண்டி கூடுதலாக ஏற்றுமானால் அதே சரக்குக்கு வேண்டிய வண்டிகள் குறையும். வாடகைக்கான போட்டி மிகும். 2025 செப்டம்பர் 22 முதல் லாரிகளின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் எல்லோருக்கும் மலிவாகக் கிடைக்கும் வண்டி, நாளடைவில் எல்லோருடைய வாடகையையும் குறைக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது.

பணக்கணக்கில் வராத செலவு ஒன்றும் உண்டு. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, தொழிலாளிக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என வரம்பு வகுத்தது. உரிமையாளரே ஓட்டுநராகும்போது, அவ்வரம்பை அவருக்கு நினைவூட்ட எவருமில்லை. நம் கணக்கின்படி தவணையும் காப்பீடு, வரிகளும் சேர்ந்து, வண்டி நின்றாலும் நாளொன்றுக்கு ரூ.2,750க்கு மேல் கேட்கும். அந்த எண்ணமே தூக்கம் வரும் கண்ணையும் சாலையில் வைத்திருக்கத் தூண்டும். ஒரு காய்ச்சல், ஒரு விபத்து, லோடு இல்லாத ஒரு வாரம் ஆகியவற்றைத் தாங்காத திட்டம், திட்டமே ஆகாது.

ஆகவே சொந்த லாரி கூடாது என்பதன்று நம் கருத்து. வட்டி விகிதத்தைக் காட்டிலும், வண்டியின் விலையைக் காட்டிலும், ரிட்டர்ன் லோடுதான் இத்தொழிலின் உயிர் என்பதே நாம் வலியுறுத்துவது. பல ஆண்டுகள் ஒரே தடத்தில் ஓடி, இரு முனைகளிலும் சரக்கு அனுப்புவோரை நேரில் அறிந்தவர். தம் வண்டியின் மைலேஜையும் டயரையும் தாமே காப்பவர். இவருக்குச் சொந்த வண்டி நல்ல முதலீடே. லோடு எங்கிருந்து வரும் என்பதற்கு விடையின்றி, வண்டி வந்தால் லோடும் வரும் என நம்புபவருக்கு, இன்னும் ஓராண்டு சம்பளத்திற்கு ஓட்டித் தொடர்புகளை வளர்த்துக்கொள்வதே நன்று.

துணிந்து இறங்குவோர் மூன்று செயல்களை முதலிலேயே செய்துவிட வேண்டும். ஒன்று, மூன்று மாதத் தவணைக்கு ஈடான தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவைத்தல். 90 நாட்களுக்கு மேல் தவணை நிலுவையானால் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும் என்பதை நினைவிற்கொள்க. இரண்டு, உத்யம் பதிவு பெறுதல். பதிவுபெற்ற சிறு, குறு நிறுவனத்திற்குச் சட்டம் அனுமதிக்கும் 45 நாட்களைக் கடந்தும் பணம் தராத நிறுவனம், அதைத் தரும்வரை வருமான வரியில் செலவாகக் கழிக்க இயலாது. மூன்று, ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கு அளித்தல். பத்து வண்டிகள் வரை உள்ளோருக்குக் கணக்கேடுகள் இன்றியே வருமானத்தை அனுமானமாகக் காட்டும் எளிய முறை உண்டு. அடுத்த கடனுக்கு அதுவே சான்று.

கடன் தருவோராகிய நமக்கும் இதில் பங்குண்டு. பத்திரத்தையும் நகையையும் மதிப்பிடும் வங்கித்துறை, விண்ணப்பதாரரின் லோடு எங்கிருந்து வரும் என்பதை எப்போதும் கேட்பதில்லை. அதைக் கேட்பது தடை போடுவதற்காக அன்று. வண்டி ஓடாமல் நிற்கும்போது இழப்பது வங்கி மட்டுமன்று. அந்த நகையும் அந்த வீடும் ஒரு குடும்பத்தினுடையவை. லாரி வாங்க எண்ணும் வாடிக்கையாளர்கள், விலைப்பட்டியலுடன் கடந்த ஆறு மாதங்களில் தாம் ஓட்டிய பயணங்களின் குறிப்பையும் கொண்டுவந்து கிளை மேலாளருடன் அமர்ந்து பேச வேண்டுகிறோம். லோடுடன் எத்தனை கிலோமீட்டர், வெற்றாக எத்தனை என்ற அந்த ஒரு பக்கக் குறிப்பு, வேறெந்த ஆவணத்தைவிடவும் தெளிவாக விடை சொல்லும்.